ஹெட்லைட் மங்கலாக எரிகிறதா? பல்பை மாற்றுவதற்கு முன்

குமரி மாவட்டம் கருங்கலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வாரத்தில் நான்கு நாள் திருவனந்தபுரத்தில் வேலை முடித்து, இரவு பத்து மணிக்கு மேல் களியக்காவிளை, மார்த்தாண்டம் வழியாகக் காரில் திரும்புகிறாராம். 2013-ஆம் வருட சின்ன கார், எச்4 ஹாலோஜன் பல்ப். சிமினி விளக்கு மாதிரி எரிகிறது, மழை பெய்தால் ரோடே தெரியவில்லை என்கிறார். ஒரு கடையில் 100/90 வாட்ஸ் பல்ப் போடச் சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு கடையில் வெள்ளை எல்.ஈ.டி. போட்டால் பகல் மாதிரி இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். எதைப் போடலாம் என்பது கேள்வி.

நான் தக்கலைப் பக்கம் முப்பது வருடமாக வண்டி எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன். நேராகவே சொல்லிவிடுகிறேன் தம்பி, இரண்டும் வேண்டாம். உங்கள் வண்டி கம்பெனியிலிருந்து வந்த நாளில் கொடுத்த வெளிச்சத்தில் பாதிகூட இப்போது ரோட்டில் விழவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அது எங்கே போகிறது என்று முதலில் பார்ப்போம். போனதைத் திரும்பப் பிடித்த பிறகு பல்பைப் பற்றிப் பேசலாம்.

பத்து வருடம் தாண்டிய வண்டியில் வெளிச்சம் மூன்று இடத்தில் காணாமல் போகும். பல்புக்குப் போகும் வயரில், ஹெட்லைட்டின் முன் மூடியில், பிறகு ஹெட்லைட் பார்க்கும் திசையில். இதில் யாரும் பார்க்காமல் விடுவது வயரைத்தான், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எச்4 பல்பில் இரண்டு இழை இருக்கிறது. தூரத்துக்கு அடிக்கும் பிரைட் 60 வாட்ஸ், தாழ்த்தி அடிக்கும் டிம் 55 வாட்ஸ். 13.2 வோல்ட் கிடைத்தால் பிரைட்டில் ஏறக்குறைய 1650 லூமென், டிம்மில் 1000 லூமென் வர வேண்டும் என்பது கணக்கு (லூமென் என்பது வெளிச்சத்தின் அளவு). ஹாலோஜன் பல்புக்கு ஒரு குணம் உண்டு. வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் கொஞ்சமாகக் குறையாது, மளமளவென்று இறங்கிவிடும். வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் போய்விடும். அதோடு நிறமும் மஞ்சளாகிவிடும். நீங்கள் சிமினி விளக்கு என்று சொன்னீர்களே, அந்தச் செம்மஞ்சள் நிறமே வோல்டேஜ் போதவில்லை என்பதற்குப் பெரிய அடையாளம்.

போன ஐப்பசியில் குளச்சல் பக்கமிருந்து ஒரு கார் வந்தது. அவரும் உங்களைப் போல எல்.ஈ.டி. போட வேண்டும் என்றுதான் வந்தார். இன்ஜினை ஓடவிட்டு டிம் லைட்டைப் போட்டு மீட்டர் வைத்தேன். பேட்டரி முனையில் 14.1 வோல்ட். பல்ப் ஹோல்டரில் 11.6. இடையில் இரண்டரை வோல்ட் எங்கேயோ நிற்கிறது. இடது பக்க ஹெட்லைட்டுக்குப் பின்னால் குனிந்து பார்த்தால், எர்த் வயரின் (கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிற வயர்) முனையில் இருக்கும் உலோக வளையத்தை, அதாவது லக்கை, பாடியோடு சேர்த்து முறுக்கியிருக்கிற போல்ட்டைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருந்தது. விரலால் தேய்த்தால் மாவு மாதிரி உதிர்ந்தது. உப்புக்காற்று பண்ணுகிற வேலை. போல்ட்டைக் கழற்றி, லக்கையும் அது உட்காரும் தகட்டையும் உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து, திரும்ப முறுக்கி மேலே வாஸ்லின் தடவினேன். ஹோல்டரில் 12.7 வந்தது. அவ்வளவு வேலைதான், வெளிச்சம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. அந்தக் காரில் இருந்தது அதே பழைய பல்ப்தான்.

முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என்று கடலோரத்தில் நிற்கிற வண்டிகளில் இதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கருங்கலும் கடலுக்கு ரொம்பத் தூரமில்லை.

நீங்களே இதைப் பார்த்துக்கொள்ளலாம். சாதாரண மல்ட்டிமீட்டர் போதும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் அளந்தால் மீட்டர் 14 காட்டும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஏமாந்துவிடுவீர்கள். பல்ப் எரிந்து கரண்ட் ஓடும்போதுதான் வோல்டேஜ் விழும். அதனால் ஹோல்டரைப் பல்போடு சேர்த்தே வைத்து, ஹோல்டரின் பின்பக்கம் வயர் நுழைகிற இடத்தில் மீட்டரின் முனையை நுழைத்து அளக்க வேண்டும். அடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் இன்னொரு முனையைப் பல்பின் எர்த் காலிலும் வைத்துப் பாருங்கள். கால் வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றம் எர்த்தில். அதே மாதிரி பாசிட்டிவ் பக்கமும் பார்த்தால் ஸ்விட்ச், ஃபியூஸ், வயர் என்று வழியில் எவ்வளவு தின்கிறது என்று தெரிந்துவிடும். ஹோல்டரையும் ஒரு தடவை கழற்றிக் கண்ணால் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி, கால் நுழையும் துளை கருகியிருந்தால் அதை மாற்றியே ஆக வேண்டும். நல்ல ஹோல்டர் விலை சொற்பம்தான்.

எர்த்தைச் சரிசெய்த பிறகும் ஹோல்டரில் 13 வோல்ட் வரவில்லை என்றால் ரிலே கிட் போடலாம். ரிலே என்பது சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் தட்டிவிடுகிற ஒரு ஸ்விட்ச். பல வண்டிகளில் இரண்டு ஹெட்லைட்டுக்கும் போகிற முழுக் கரண்டும் ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்ச் வரை போய், மெல்லிய வயர் வழியாகத் திரும்பி வரும். ரிலே போட்டால் பழைய வயர் ரிலேயைத் தட்டிவிடுகிற வேலையை மட்டும் செய்யும். பல்புக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து தடித்த வயரில் நேராகப் போகும். டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒரு ரிலே. பேட்டரியிலிருந்து கிளம்பும் வயரில், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் இல்லாத கிட்டை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அந்த வயர் எங்காவது தகட்டில் உரசித் தோல் கிழிந்தால் வண்டி பற்றிக்கொள்ளும். ஒரிஜினல் வயரை வெட்டாமல் ஹோல்டரிலேயே செருகுகிற மாதிரி கிட் கிடைக்கிறது, அதுவே நல்லது. சில ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளில் ஸ்விட்ச் பாசிட்டிவைத் தட்டாமல் எர்த்தைத் தட்டும். அதற்குக் கிட்டின் இணைப்பு வேறு. போடுகிறவர் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுப் போடுகிறாரா என்று கவனியுங்கள். டெஸ்ட் லேம்பைக்கூடத் தொடாமல் நேராக வயரை வெட்டப் போகிறவரிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம்.

குளச்சல் வண்டிக்கு ரிலேயும் போட்ட பிறகு ஹோல்டரில் 13.4 வந்தது. முதலில் இருந்த 11.6-ஓடு ஒப்பிட்டால் வெளிச்சம் ஒன்றரை மடங்குக்கும் மேல். பல்ப் வாட்ஸ் ஏறவில்லை, எதிரே வருகிறவர் கண்ணும் கூசவில்லை.

இப்போது 100/90 பற்றி, அதாவது பிரைட் 100 வாட்ஸ், டிம் 90 வாட்ஸ் பல்ப். வயர் ஏற்கெனவே திணறுகிற வண்டியில் இதைப் போடுவது, சுமை தாங்காத ஆளின் தலையில் இன்னொரு மூட்டை ஏற்றுவதுதான். இரண்டு 55 வாட்ஸ் பல்ப் சேர்ந்து இழுப்பது 9 ஆம்பியர் சொச்சம். இரண்டு 90 வாட்ஸ் இழுப்பது 15. கரண்ட் கூடினால் வழியில் விழும் வோல்டேஜும் அதே அளவு கூடும். வயரிலும் ஹோல்டரிலும் உண்டாகும் சூடு இன்னும் மோசம், ஏறக்குறைய இரண்டரை மடங்குக்கு மேல் போகும். காசு கொடுத்து வாங்கிய கூடுதல் வாட்ஸில் நல்ல பங்கு வயரைச் சூடாக்கத்தான் போகும்.

நான் தொழில் கற்றுக்கொண்ட புதிதில் என் சொந்த வண்டியில் ரிலே இல்லாமல் இதைப் போட்டு ஓட்டினேன். ஒரு மாதம் நன்றாகத்தான் எரிந்தது. ஒரு நாள் இரவு நாகர்கோவிலில் இருந்து திரும்பும்போது வில்லுக்குறி தாண்டியதும் கருகிய வாடை. என்ன என்று யோசிப்பதற்குள் இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்தே அணைந்துவிட்டது. பின்னால் ஒரு பஸ். முன்னால் எதுவுமே தெரியவில்லை. ஞாபகத்தில் இருந்த ரோட்டை நம்பி இடது பக்கம் ஒதுக்கி நிறுத்தினேன். பானெட்டைத் திறந்து பார்த்தால் ஹோல்டர் உருகிப் பல்பின் காலோடு ஒட்டியிருந்தது. அந்த இருட்டை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு யாருக்கும் 100/90 போட்டுக் கொடுத்ததில்லை. ரிலே இருந்தால் வயர் தாங்கும், அது சரி. ஆனால் ஹெட்லைட்டுக்குள் வெளிச்சத்தை முன்னால் திருப்பிவிடும் பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர் 55 வாட்ஸ் சூட்டுக்காகச் செய்தது. நாளாக நாளாக அதன் வெள்ளி நிறப் பூச்சு கொப்பளித்துக் கருக்கும். கருத்துவிட்டால் எந்தப் பல்ப் போட்டும் பயனில்லை.

எல்.ஈ.டி. பற்றிச் சொல்ல, எச்4 பல்புக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விளக்க வேண்டும். கையில் ஒரு பழைய பல்ப் இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். டிம் இழைக்கு அடியில் கரண்டி மாதிரி ஒரு சின்னத் தகடு தெரியும். இழையிலிருந்து கீழ்நோக்கிப் போகும் வெளிச்சத்தை அது மறைத்துவிடும். அதனால் ரிஃப்ளெக்டரின் மேல் பாதிக்கு மட்டும் வெளிச்சம் போய், அங்கே பட்டு ரோட்டை நோக்கிக் கீழே திரும்பும். சுவரில் டிம் அடித்தால் மேலே இருட்டாகவும் கீழே வெளிச்சமாகவும் கோடு கிழித்தது போல் தெரிகிறதே, அது இந்தக் கரண்டி செய்கிற வேலை. அந்தத் தகட்டின் ஓரம் ஒரு பக்கம் 15 டிகிரி சாய்ந்திருக்கும். நம் ஊரில் இடது பக்கம் போகிறோம் என்பதால் அந்தச் சாய்வினால் கோடு இடது பக்கம் மேலே ஏறும். எதிரே வருகிறவர் கண்ணில் படாமல், ரோட்டின் இடது ஓரத்தில் நடந்து போகிறவர் மேல் வெளிச்சம் கூடுதலாகப் படுவதற்குத்தான் அந்த ஏற்பாடு. எச்4 பல்ப் 1971-இல் வந்தது. ஐம்பது வருடம் தாண்டியும் இந்த யோசனை மாறவில்லை.

இழை என்பது சில மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய சுருள். சுற்றிலும் எல்லாப் பக்கமும் வெளிச்சம் கொடுக்கும். ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்தச் சுருள் அந்த இடத்திலேயே இருக்கும் என்று கணக்குப் போட்டுச் செய்தது. எல்.ஈ.டி. பல்பில் சுருள் கிடையாது. ஒரு தகட்டின் இரண்டு பக்கத்திலும் தட்டையான சில்லுகளை ஒட்டியிருப்பார்கள். வெளிச்சம் இரண்டு பக்கம் மட்டும்தான் பாயும், வருகிற இடமும் ஒரு மில்லிமீட்டர் அப்படி இப்படி மாறியிருக்கும். அந்த ஒரு மில்லிமீட்டர் ரிஃப்ளெக்டரில் பட்டு, ஐம்பது மீட்டர் தள்ளிப் பார்க்கும்போது பெரிய பிழையாகிவிடும். சுவரில் அடித்துப் பார்த்தால் அந்தக் கோடு கலைந்து, மேலே எல்லாம் வெள்ளையாகச் சிதறியிருக்கும். அந்தச் சிதறல் முழுக்க எதிரே வருகிறவர் கண்ணுக்குப் போகிறது.

சரி, எதிரே வருகிறவர் கஷ்டப்பட்டாலும் எனக்கு நன்றாகத் தெரியுமே என்று சிலர் சொல்வார்கள். அதுவும் உண்மையில்லை. இப்படிப்பட்ட பல்பில் வண்டிக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டர் வரை ரோடு பளிச்சென்று இருக்கும். பகல் மாதிரி என்று கடைக்காரர் சொன்னது அதைத்தான். பக்கத்தில் அவ்வளவு பளிச்சென்று இருந்தால் கண்மணி சுருங்கிவிடும். அப்போது அறுபது மீட்டர் தள்ளி நிற்கிற மங்கலான உருவம் கண்ணுக்குப் படாது. ஓட்டுகிறவருக்கு வெளிச்சம் கூடிய மாதிரி இருக்கும், தூரம் தெரிவது குறைந்திருக்கும். டப்பாவில் 200 வாட்ஸ், 20,000 லூமென் என்றெல்லாம் அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். சுண்டுவிரல் அளவு இடத்தில் அவ்வளவு சூட்டை எந்த விசிறியாலும் வெளியே தள்ள முடியாது.

நம் ஊருக்கென்று இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. எல்.ஈ.டி. பல்பின் பின்னால் விசிறியும் குளிர்விக்கும் கட்டையும் துருத்திக்கொண்டு நிற்கும். ஹெட்லைட்டின் பின்பக்க ரப்பர் மூடி சரியாக உட்காராது. சிலர் மூடியை வெட்டிவிடுவார்கள், சிலர் கழற்றியே எறிந்துவிடுவார்கள். ஆனி, ஆடிச் சாரலும் ஐப்பசி, கார்த்திகை மழையும் என்று வருடத்தில் இரண்டு பருவமழையையும் வாங்குகிற மாவட்டம் நம்முடையது. அந்த ஓட்டை வழியாக ஈரம் உள்ளே போய் ஹெட்லைட்டுக்குள் வியர்த்து நிற்கும். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் ரிஃப்ளெக்டர் மங்கிவிடும். அப்புறம் முழு ஹெட்லைட்டையும் மாற்ற வேண்டியதுதான்.

எச்.ஐ.டி. கிட்டும் (இழைக்குப் பதிலாக வாயுவுக்குள் மின்பொறி எரிகிற லைட்) இதே கதைதான், இதைவிட மோசம். சாதாரண ரிஃப்ளெக்டரில் 3000 லூமென் கொட்டினால் சிதறுகிற வெளிச்சமும் அந்த அளவுக்கு இருக்கும். அதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள், நீங்கள் வாரத்தில் நான்கு நாள் கேரள எல்லை தாண்டுகிறவர். டிம் லைட் எப்படிக் கீழே திரும்பியிருக்க வேண்டும் என்பதற்கு மத்திய மோட்டார் வாகன விதி 106 அளவே சொல்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது. வண்டியைக் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று பிரிவு 182ஏ சொல்கிறது. களியக்காவிளை தாண்டிய பிறகு கேரள மோட்டார் வாகனத் துறை கண்ணைக் கூசும் லைட்டைச் சும்மா விடுவதில்லை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

சரி, வயர் முடிந்தது. இனி ஹெட்லைட்டின் முன் மூடி. பழைய அம்பாசடரில் அது நிஜக் கண்ணாடி, எத்தனை வருடம் ஆனாலும் மஞ்சளிக்காது. இப்போது எல்லாம் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன் மேலே பூசியிருக்கும் பாதுகாப்புப் பூச்சு வெயிலில் செத்துப்போனால் மஞ்சளித்துச் சொரசொரப்பாகிவிடும். பத்து வருட வண்டியில் இது இல்லாமல் இருக்காது. வெளிச்சத்தைக் குறைப்பதோடு அதைச் சிதறவும் அடிக்கும்.

பற்பசை போட்டுத் தேய்த்தால் போகும் என்பார்கள். போகும், இரண்டு மாதத்தில் திரும்ப வரும். சரியான வேலை என்றால், சுற்றிலும் பெயின்டில் படாமல் டேப் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் ஊற்றி ஊற்றி வாட்டர் பேப்பரால் தேய்க்க வேண்டும். 800 நம்பர் பேப்பரில் தொடங்கி 1500, 2000, 3000 என்று நைஸாக்கிக்கொண்டே போய், பிறகு பாலிஷ். முதல் பேப்பரில் ஒழுகும் தண்ணீர் மஞ்சளாக ஓடும். அது நின்று வெள்ளையாக ஓடுகிற வரை அந்தப் பேப்பரை விடக் கூடாது. கடைசியில் வெயில் தாங்கும் கிளியர் கோட் அடிக்காமல் விட்டால் அவ்வளவு உழைப்பும் வீண். டிங்கரிங், பெயின்டிங் கடையில் கிளியர் அடித்துக் கொடுப்பார்கள். மஞ்சள் உள்பக்கமாக இருந்தால் மட்டும் இது உதவாது, ஹெட்லைட்டையே மாற்ற வேண்டும்.

மூன்றாவது, ஹெட்லைட் எங்கே பார்க்கிறது என்பது. காசே செலவில்லாத வேலை இது. எதிரில் வருகிறவர்கள் திட்டுகிறார்கள் என்று சிலர் தாழ்த்தி வைத்திருப்பார்கள். பம்பர் வேலை பார்த்தபோது திருகு அசைந்தும் இருக்கலாம். சமதரையில், சுவருக்கு 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். டிரைவர் சீட்டில் ஒரு ஆள் உட்காரட்டும். டேஷ்போர்டில் 0 முதல் 3 வரை ஒரு திருகுக் குமிழ் இருக்குமே, அது 0-வில் இருக்கட்டும். ஹெட்லைட்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து அதே உயரத்தில் சுவரில் டேப் ஒட்டுங்கள். டிம் அடித்தால் இருட்டும் வெளிச்சமும் பிரிகிற அந்தக் கோடு டேப்புக்கு 5 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். ஒரு ஹெட்லைட்டைத் துணியால் மூடிக்கொண்டு இன்னொன்றைச் சரிசெய்யுங்கள். ஹெட்லைட்டின் பின்பக்கம் வெள்ளை நைலான் பல்சக்கரம் ஒன்று இருக்கும், நட்சத்திர ஸ்க்ரூடிரைவரால் திருப்பலாம்.

இந்த 5 சென்டிமீட்டரில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஹெட்லைட் 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் இறங்கினால் வெளிச்சம் 65 மீட்டர் வரை போய்த் தரையைத் தொடும். 10 சென்டிமீட்டர் இறங்கினால் 32 மீட்டரோடு முடிந்துவிடும். தூரம் சரிபாதி. அதுவே மேலே ஏறிவிட்டால் எதிரே வருகிற பைக்காரருக்குக் கண் தெரியாது. பின்சீட்டில் ஆளும் டிக்கியில் சாமானும் ஏற்றிய நாளில் அந்தக் குமிழை 2, 3 என்று திருப்புவதற்குத்தான் வைத்திருக்கிறார்கள். நிறையப் பேர் வண்டி வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டதே கிடையாது.

இந்த மூன்றும் முடிந்த பிறகு பல்ப் மாற்ற ஆசையாக இருந்தால், 60/55 வாட்ஸிலேயே கூடுதல் வெளிச்சம் தரும் பல்புகள் இருக்கின்றன. பிலிப்ஸ், ஓஸ்ராம் இரண்டு கம்பெனியிலும் +100, +130, +150 என்று போட்டு வரும். இழையை இன்னும் மெல்லிசாகவும் துல்லியமாகவும் சுற்றி, உள்ளே வாயு அழுத்தத்தைக் கூட்டியிருப்பார்கள். 130 சதவீதம் கூடுதல் என்றால் மொத்த வெளிச்சமும் இரண்டேகால் மடங்கு என்று அர்த்தமில்லை. பீமில் குறிப்பிட்ட சில இடங்களில், சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டுச் சொல்கிற கணக்கு அது. ஆனால் வித்தியாசம் நிஜமாகவே தெரியும், தூரத்தில் நன்றாக விழும். ஆயுசு குறைவு. உங்களைப் போல் வாரத்தில் நான்கு நாள் இரவில் ஓட்டுகிறவருக்கு ஒரு வருடம் கூட வராமல் போகலாம். அதனால் +100 வகையே உங்களுக்கு ஒத்துவரும் என்பது என் எண்ணம். ஜோடியாகவே மாற்றுங்கள். கண்ணாடிப் பகுதியை விரலால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் அதிகச் சூடேறி, பல்ப் சீக்கிரம் போய்விடும். பல்பின் அடித்தட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று காதும் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்து கம்பிக் கிளிப் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். பல்ப் கோணலாக உட்கார்ந்தால் மேலே சொன்ன கணக்கு எல்லாம் கெட்டுவிடும்.

நீல நிறக் கண்ணாடி போட்ட பல்பை வாங்க வேண்டாம். அந்த நீலப் பூச்சு மஞ்சள், சிவப்பு வெளிச்சத்தைத் தின்றுவிட்டுத்தான் வெள்ளையாகக் காட்டுகிறது. பார்க்க அழகாக இருக்கும், ரோட்டில் விழுவது குறைவு.

மழை என்றால் ரோடே தெரியவில்லை என்றீர்களே, அதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும். காய்ந்த தார் ரோடு சொரசொரப்பாக இருப்பதால், அதில் பட்ட வெளிச்சத்தில் கொஞ்சம் நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. நனைந்து தண்ணீர் நின்றால் ரோடு கண்ணாடி ஆகிவிடுகிறது. வெளிச்சம் முன்னாலேயே வழுக்கிப் போய்விடும், நமக்குத் திரும்பாது. எதிரே வருகிற வண்டியின் வெளிச்சமோ அதே கண்ணாடியில் பட்டு நம் கண்ணுக்கு வரும். எவ்வளவு வாட்ஸ் ஏற்றினாலும் இது மாறாது. உதவுவது வேறு. முன் கண்ணாடியின் உள்பக்கம் படிந்திருக்கிற புகை மாதிரிப் படலத்தைத் துடையுங்கள், எதிர் வெளிச்சத்தைச் சிதறடிப்பதில் பெரிய பங்கு அதற்கு உண்டு. வைப்பர் ரப்பரை மழைக்காலத்துக்கு முன் மாற்றுங்கள். வண்டியில் ஃபாக் லைட் இருந்தால் மழைக்குப் போடுங்கள், தாழ்வாக இருப்பதால் ரோட்டின் ஓரக் கோடாவது தெரியும். கூரையிலும் பம்பரிலும் லைட் பார் வைக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

வேகத்தையும் ஒரு கணக்குப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில், ஆளைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்கிற ஒன்றரை நொடியில் 25 மீட்டர் போய்விடுவீர்கள். நனைந்த ரோட்டில் நிற்க இன்னும் 35 மீட்டர் வேண்டும். மொத்தம் 60. டிம் லைட் எட்டுவதே 65 மீட்டர்தான். 80-இல் போனால் இந்தக் கணக்கு 95 மீட்டர் வரை நீளும், டிம் எட்டாத இடம் அது. மார்த்தாண்டம் பாலத்தில் விளக்குக் கம்பம் இருக்கிறது. அதை விட்டு இறங்கிக் கருங்கல் ரோட்டில் ரப்பர் தோட்டத்து இருட்டில் போகும்போதுதான் இது பெரிய விஷயம்.

அந்த இருட்டில் யார் யார் நடக்கிறார்கள் என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். விடிவதற்கு முன்பே நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள், மீன் கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள். மகா சிவராத்திரியில் சிவாலய ஓட்டம் வந்தால், முஞ்சிறை திருமலையில் தொடங்கி பன்னிரண்டு கோயிலுக்கும் ராத்திரி முழுக்க ரோட்டோரமாகவே கோவிந்தா கோபாலா என்று ஓடுகிறார்கள். இரண்டு பக்கமும் நடைபாதை இல்லாத ரோடு. எதிரே சிதறுகிற வெள்ளை லைட்டோடு ஒரு வண்டி வந்து, பின்னால் டாரஸ் லாரியும் நெருக்கினால், இந்த இடது ஓரத்து ஆள் யாருடைய கண்ணுக்கும் தெரியமாட்டார். அந்தக் கரண்டித் தகட்டின் 15 டிகிரிச் சாய்வு இவர்களுக்காகத்தான் இருக்கிறது. அதைக் கலைக்கிற எதையும் என் கையால் மாட்ட எனக்கு மனம் வராததற்குக் காரணம் இதுதான்.

எதிர் வெளிச்சம் கண்ணில் அடித்தால் அதைப் பார்க்காதீர்கள். இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள். பதிலுக்குப் பிரைட் அடித்தால் இரண்டு பேருமே குருடாகத்தான் ஓட்ட வேண்டும்.

எல்லாம் செய்த பிறகும் தெரியவில்லை என்றால் கண்ணையும் ஒரு தடவை காட்டிவிடுங்கள். சின்னப் பவர் பகலில் தெரியாது, ராத்திரியில்தான் காட்டிக்கொடுக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மீட்டர் வாங்கிப் பாருங்கள் தம்பி. இன்ஜினை ஓடவிட்டு, டிம் எரியும்போது பேட்டரியில் எவ்வளவு, இடது ஹோல்டரில் எவ்வளவு, வலது ஹோல்டரில் எவ்வளவு என்று மூன்று எண்ணையும் குறித்து எனக்கு அனுப்புங்கள். ஹோல்டரின் நிறம் எப்படி இருக்கிறது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். எர்த் தேய்த்தால் போதுமா, ரிலே வேண்டுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரைக்கும் எந்தப் பல்பும் வாங்க வேண்டாம்.